தண்டுவடமும் நியூரோசர்ஜனும்: வார்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூரோசர்ஜரி (மூளை, நரம்பு அறுவை சிகிச்சை) வார்டில் இருபது வருஷத்துக்கு மேல் செவிலியராக வேலை பார்த்தேன். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போகும் வரை நோயாளியின் வீட்டார் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார்கள். அவர் அடுத்த வார்டுக்குப் போனதும் "சிஸ்டர், என்ன சொல்லிட்டுப் போறாரு?" என்று ஆரம்பிப்பார்கள். அப்படி வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்தான் இவை. உங்கள் வீட்டு நோயாளிக்கு என்ன சிகிச்சை என்பதை அவரைக் கையால் தொட்டுப் பார்த்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தண்டுவடம்னா முதுகெலும்புதானே?

இல்லை. முதுகெலும்பு வெளியே இருக்கும் கூடு. தண்டுவடம் அதன் நடுவில் உள்ள துவாரத்துக்குள் மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்புக் கற்றை. சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். பெரியவர்களுக்கு நீளம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்பிக் கைக்கும் மார்புக்கும் காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகின்றன.

பலருக்குத் தெரியாத விஷயம், தண்டுவடம் முதுகின் அடி வரைக்கும் வருவதில்லை. முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் உள்ள முதலாவது, இரண்டாவது எலும்புக்கு நேராக முடிந்துவிடும். அதற்குக் கீழே குதிரை வால் மாதிரி நரம்புகள் மட்டும் தொங்கும். எந்த இடத்தில் அடிபட்டதோ அதற்குக் கீழே உள்ளதெல்லாம் பாதிக்கப்படும் என்பது பொதுக்கணக்கு. கழுத்தில் என்றால் கையும் காலும், முதுகில் என்றால் கால்கள். கழுத்தின் மேல்பகுதியில் என்றால் மூச்சே கேள்விக்குறி. மூச்சை இழுக்கும் உதரவிதானத் தசையை அசைக்கும் நரம்பு அங்கிருந்துதான் வருகிறது.

பிரசவத்துல முதுகுல ஊசி போட்டாங்க. அதுலேர்ந்துதான் எனக்கு முதுகு வலி. தண்டுவடத்துல குத்திட்டாங்களா?

தமிழ்நாட்டில் சிசேரியன் ஆன பெண்களில் பாதிப் பேராவது இதைக் கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். அந்த ஊசியைத் தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே, குதிரை வால் நரம்புகள் திரவத்தில் மிதக்கும் இடத்தில் போடுகிறார்கள். ஊசி வந்தால் அவை பெரும்பாலும் விலகிக்கொள்ளும். போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், சிலருக்குத் தலைவலி வரும். வருஷக்கணக்கில் வரும் முதுகு வலிக்குக் காரணம் பெரும்பாலும் குழந்தையைத் தூக்குவதும், குனிந்து பால் கொடுப்பதும், தளர்ந்த வயிற்றுத் தசையும்தான். பழி மட்டும் ஊசிக்குப் போகிறது.

நரம்பு டாக்டர்னு போர்டு இருக்கு. அவர்கிட்ட போகலாமா?

நம் மொழியில் 'நரம்பு' படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ரத்தக்குழாயில் போடும் ஊசியும் 'நரம்பு ஊசி'. லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்பவரும் 'நரம்புத் தளர்ச்சி' நிபுணர். அதனால் போர்டைப் பார்க்காமல் பட்டத்தைப் பாருங்கள். நியூராலஜிஸ்ட் என்றால் டி.எம். அல்லது டிஎன்பி முடித்தவர். வலிப்பு, பக்கவாதம், நரம்பு அழற்சி போன்றவற்றுக்கு மருந்து கொடுப்பவர். நியூரோசர்ஜன் எம்.சிஹெச். அல்லது டிஎன்பி முடித்த அறுவை சிகிச்சை நிபுணர். எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். இரண்டையும் முடித்த பிறகு இன்னும் 3 வருஷம் படிப்பவர்கள் அவர்கள். தலைமுடி நரைக்க ஆரம்பிக்கும்போதுதான் தனியாகக் கத்தி பிடிப்பார்கள் என்று வார்டில் கேலி பேசுவோம். முதுகெலும்பு ஆபரேஷனை, அதில் பயிற்சி பெற்ற எலும்பு டாக்டர்களும் செய்கிறார்கள். அதில் தவறில்லை. தண்டுவடத்தின் உள்ளேயே கட்டி என்றால் நியூரோசர்ஜன்தான்.

இந்த ஆபரேஷன் எல்லாம் நம்ம ஊர்ல நல்லா பண்ணுவாங்களா? வெளிநாடு போகணுமா?

இந்தியாவில் இந்தத் துறை பிறந்ததே நம் ஊரில்தான். கனடாவின் மான்ட்ரியலில் புகழ்பெற்ற நியூரோசர்ஜன் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் நாட்டின் முதல் நியூரோசர்ஜரி துறையைத் தொடங்கினார். அடுத்த வருஷமே டாக்டர் பா. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் ஆரம்பித்தார். அந்தச் சென்னைக் குழுவில் வளர்ந்தவர்தான் டாக்டர் டி. எஸ். கனகா. 1968இல் நியூரோசர்ஜரிப் பட்டம் பெற்றவர், நாட்டின் முதல் பெண் நியூரோசர்ஜன். ஸ்கேன் எதுவும் இல்லாத காலம் அது. எங்கே கட்டி என்பதை, காலில் குண்டூசியால் குத்திப் பார்த்தும் சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்த்தும் சொல்ல வேண்டியிருந்தது.

முதுகு வலிக்கு நேரா நியூரோசர்ஜனைப் பார்க்கணுமா?

பெரும்பாலும் வேண்டாம். முதுகு வலியில் மிகப் பெரும்பகுதி தசையும் மூட்டும் சம்பந்தப்பட்டது, சில வாரங்களில் தானே அடங்கும். ஆனால் கீழே சொல்வது ஏதாவது இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

சிறுநீர் முட்டிக்கொண்டு வராமல் இருப்பது, அல்லது தெரியாமலே போய்விடுவது. கழுவும்போது ஆசனவாய்ப் பகுதி மரத்துப் போனதுபோல இருப்பது. இரண்டு கால்களும் பலம் குறைவது. இவை குதிரை வால் நரம்புகள் நசுங்குவதன் அறிகுறிகள். இதற்கு மணிக்கணக்குத்தான், நாள்கணக்கு கிடையாது. ராத்திரி என்றாலும் கிளம்புங்கள். எங்கள் வார்டுக்கு வந்த ஒரு அம்மாவுக்கு மூன்று நாள் சிறுநீர் சரியாக வரவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு மருமகளிடம்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டார். நரம்பை நசுக்கிய டிஸ்க்கை (முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வை) எடுத்தார்கள், கால் பலம் வந்தது. சிறுநீர்ப்பை பழைய நிலைக்கு வரவேயில்லை.

காய்ச்சல், உடம்பு இளைப்பது, படுத்தாலும் விடாத ராத்திரி வலி, முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்திருப்பது: இவையும் சீக்கிரம் காட்ட வேண்டியவை.

எம்.ஆர்.ஐ.ல ரெண்டு இடத்துல ஜவ்வு விலகியிருக்குன்னு எழுதியிருக்கு. ஆபரேஷன்தானா?

ரிப்போர்ட்டுக்கு ஆபரேஷன் செய்வதில்லை, ஆளுக்குத்தான். 1994இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஓர் இடத்திலாவது டிஸ்க் புடைத்திருந்தது. நாற்பது வயதுக்கு மேல் டிஸ்க் கொஞ்சம் வற்றுவதும் புடைப்பதும் நரை மாதிரி. வலி காலில் எந்த வழியாக இறங்குகிறது, எந்த விரல் பலம் குறைந்திருக்கிறது என்பது படத்தில் உள்ள இடத்தோடு பொருந்தினால்தான் அந்த டிஸ்க் குற்றவாளி. பொருந்தினாலும்கூட, கால் பலமும் சிறுநீரும் நன்றாக இருந்தால் முதலில் மருந்து, அப்புறம் பிசியோதெரபி. பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும்.

கழுத்து வலிக்கு சலூன்ல நெட்டி எடுத்தா சரியாயிடுதே?

செய்யாதீர்கள். கழுத்து எலும்புக்குள்ளேயே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஓடுகிறது. வெடுக்கென்று திருப்பும்போது அது கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. ஏற்கெனவே தண்டுவடம் நசுங்கியிருப்பவருக்கு இன்னும் மோசம்.

நசுங்கியிருப்பது எப்படித் தெரியும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வார்டில் மிகத் தாமதமாக வந்து சேரும் நோய் இதுதான். வயதாகும்போது கழுத்தெலும்பில் முள் வளர்ந்து, டிஸ்க் புடைத்து, தசைநார் தடித்து, தண்டுவடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தும். வலியே இல்லாமலும் இருக்கலாம், சிக்கல் அங்கேதான். முதலில் கை கெட்டியாகப் பிடிக்காது. சட்டைப் பொத்தான் போட நேரமாகும். பூக் கட்டும் அம்மாவுக்கு நார் நழுவும். கையெழுத்து மாறி, பேங்க்கில் செக்கைத் திருப்பி அனுப்பியதால் எங்களிடம் வந்தவர் ஒருவர் இருந்தார். அப்புறம் நடை. செருப்பு காலிலிருந்து கழன்று போவது தெரியாது. இருட்டில் தள்ளாடுவார்கள். பஞ்சில் நடப்பது மாதிரி இருக்கிறது என்பார்கள். வீட்டில் "வயசாயிடுச்சு", "சர்க்கரை இருக்கு, அதான் மரத்துப்போகுது" என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் ஓடியிருக்கும்.

அழுத்தம் ஓரளவுக்கு மேல் போய்விட்டால் மாத்திரையோ பெல்ட்டோ உதவாது, இடம் உண்டாக்க வேண்டும். கழுத்தின் முன்பக்கமாகப் போய் டிஸ்க்கை எடுத்து பிளேட் வைப்பார்கள், அல்லது பின்பக்கமாக எலும்புக் கூரையைத் திறப்பார்கள். நசுக்குவதை நிறுத்துவதுதான் அதன் முதல் நோக்கம். இழந்த பலம் எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு நாள் நசுங்கியிருந்தது என்பதைப் பொறுத்தது.

முதுகெலும்புல டி.பி. வருமா?

நம் நாட்டில் தாராளமாக வரும். நாள்பட்ட முதுகு வலி, சாயந்திரக் காய்ச்சல், இளைப்பு, சிலருக்கு முதுகில் கூன். இருமல் இருக்க வேண்டும் என்பதில்லை. கால் விழாத நிலையில் பிடித்தால் மாத்திரையே குணப்படுத்தும். சென்னையிலிருந்த காசநோய் ஆராய்ச்சி மையம் நடத்திய ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தியவற்றில் முக்கியமானவை. கால் பலம் குறைந்துகொண்டே போனாலோ, எலும்பு சரிந்து கூன் அதிகமானாலோ ஆபரேஷன். வலி நின்றவுடன் மாத்திரையை நிறுத்தும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. டாக்டர் சொன்ன மாதங்கள் முடியும் வரை சாப்பிட வேண்டும்.

தண்டுவடத்துல கட்டின்னா கேன்சர்தானே?

பாதிப் பேருக்கு மேல் கேன்சர் என்று நினைத்துத்தான் வருவார்கள். தண்டுவடத்தின் உறையிலும் நரம்பு வேரிலும் வளரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை, முழுசாக எடுத்துவிட்டால் முடிந்தது. இந்த வகை ஆபரேஷனுக்கு நல்ல தொடக்கக் கதை உண்டு. 1887இல் லண்டனில் ஒரு ராணுவ கேப்டன் கால்கள் விழுந்து தாங்க முடியாத வலியில் இருந்தார். நரம்பியல் மருத்துவர் வில்லியம் கோவர்ஸ், உடம்பின் மரத்துப்போன எல்லையை வைத்தே கட்டி இருக்கும் இடத்தைக் கணித்தார். அறுவை சிகிச்சை நிபுணர் விக்டர் ஹார்ஸ்லி முதுகைத் திறந்தார். முதலில் திறந்த இடத்தில் ஒன்றும் இல்லை. இன்னும் மேலே திறந்தபோது பாதாம் பருப்பு மாதிரி கட்டி இருந்தது. நோயாளி எழுந்து நடந்தார்.

தண்டுவடத்துக்கு உள்ளிருந்தே வளரும் கட்டி வேறு விஷயம். அங்கே மைக்ரோஸ்கோப், ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பில் சிக்னல் போகிறதா என்று பார்க்கும் கருவி எல்லாம் வேண்டும். உடம்பில் வேறெங்கோ உள்ள புற்றுநோய் எலும்பில் இறங்கி அழுத்துவதும் உண்டு, அதற்குக் கதிர்வீச்சும் சேரும்.

விபத்துல அடிபட்டவரை எப்படித் தூக்கணும்?

நம் ஆட்கள் நல்ல மனசோடு செய்யும் கெடுதல் இங்கேதான். தென்னை மரத்திலிருந்து விழுந்தவரை, பைக்கிலிருந்து எறியப்பட்டவரை, ஆழம் தெரியாமல் கிணற்றில் தலைகீழாகக் குதித்தவரை, கை ரெண்டு பேர் கால் ரெண்டு பேராகத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்து, வாயில் சோடாவும் ஊற்றுவார்கள். உடைந்த எலும்பு அந்த நிமிஷத்தில் தண்டுவடத்தை அறுக்கலாம்.

நெருப்போ, வண்டி மோதும் ஆபத்தோ இல்லையென்றால் நகர்த்தாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். ஒருவர் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். "காலை அசைப்பா" என்று கேட்டுப் பாருங்கள், எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் தலை, தோள், இடுப்பு, கால் நான்கும் ஒரே நேரத்தில், கட்டையை உருட்டுகிற மாதிரி திருப்பிப் பலகையில் கிடத்த வேண்டும். கதவுப் பலகை கிடைத்தாலும் சரி. கட்டுப் போடும் வைத்தியரிடம் போய்விட்டு வரும் ஒரு நாள், கை எலும்பில் போனால் போகட்டும். முதுகெலும்பில் போகக் கூடாது. சாலை விபத்து என்றால் செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் அரசே ஏற்கிறது.

ஆபரேஷன் பண்ணினா கால் போயிடும்னு ஊர்ல சொல்றாங்களே?

அபாயமே இல்லை என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார், சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஊரில் சொல்லும் கதைகளில் பெரும்பாலும் கால் ஏற்கெனவே பாதி போயிருக்கும். "பண்ணலாமா வேண்டாமா" என்று சொந்தக்காரர்கள் பேசி முடிப்பதற்குள் மீதியும் போகும், கடைசியில் பேர் ஆபரேஷனுக்கு. அடிபட்டு நசுங்கிய தண்டுவடத்துக்கு முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுத்துவிட்டால் பலன் கூடுதல் என்று 2012இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது.

சரி, நடப்பாரா மாட்டாரா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. முதல் நாளில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடிபட்ட அதிர்ச்சியில் தண்டுவடம் சில நாள், சில வாரம்கூட மொத்தமாக மௌனமாகிவிடும். அது தெளிந்த பிறகுதான் உண்மை நிலை தெரியும். டாக்டர்கள் ஏ முதல் இ வரை ஐந்து படிகளாகப் பிரிப்பார்கள். ஏ என்றால் அடிபட்ட இடத்துக்குக் கீழே, ஆசனவாய் வரை, உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. இ என்றால் எல்லாம் சரி. ஏ படியா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் டாக்டர் கையுறை போட்டு ஆசனவாயில் சோதிக்கிறார். அதைப் பார்த்து முகம் சுளித்த குடும்பங்கள் உண்டு. அங்கே கொஞ்சம் உணர்ச்சி மிச்சம் இருந்தால் அதுதான் அன்றைக்குக் கிடைக்கும் மிக நல்ல செய்தி. ஏ என்று நிலைத்துவிட்டவர்களில் பெரும்பாலோர் மீண்டும் நடப்பதில்லை. இதை மறைப்பதால் யாருக்கும் நன்மையில்லை.

அப்போ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் என்ன பண்றது?

இதைத்தான் யாரும் முதலில் கேட்பதில்லை, உயிர் நிற்பதோ இதில்தான். 3,600 வருஷத்துக்கு முந்தைய எகிப்தியப் பாபிரஸ் சுவடி ஒன்று, கழுத்து முறிந்து கைகால் விழுந்தவரைப் பற்றி எழுதிவிட்டு, வைத்தியம் செய்ய வேண்டாத நோய் என்று முடிக்கிறது. முதல் உலகப் போர் வரைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. கால் விழுந்ததால் யாரும் சாகவில்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான் கொன்றன. நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து வந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மேன் 1944இல் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்றதும் செய்த பெரிய காரியம் ஆபரேஷன் அல்ல. ராத்திரி பகலாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைத்தார். அப்புறம் கையில் பந்தையும் வில்லையும் கொடுத்தார். 1948இல் அங்கே நடந்த விளையாட்டுப் போட்டிதான் பின்னால் பாராலிம்பிக் ஆனது.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதேதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்புப் பக்கவாட்டு எலும்பு மூன்றையும் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு மறையாமல் நின்றால் அந்தப் பக்கம் படுக்க வைக்கவே கூடாது. உணர்ச்சி இல்லாத காலில் வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். பாசத்தில் பாட்டி வைத்த ஒத்தடத்தால் தோல் ஒட்டுப்போடும் ஆபரேஷன் வரை போன பையனை எனக்குத் தெரியும்.

சிறுநீருக்கு, நிரந்தரமாக டியூப் மாட்டி வைப்பதைவிட, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான டியூபை விட்டு எடுத்துவிடுவது நல்லது. 1972இல் அமெரிக்காவில் சிறுநீரியல் டாக்டர் ஜாக் லேபிடஸ் எழுதிய முறை இது. கையை நன்றாகக் கழுவினால் போதும், வீட்டிலேயே செய்யலாம். கை வேலை செய்பவர் தானே செய்துகொள்வார். கற்றுக் கொடுத்த இரண்டாம் நாள் அவர்கள் முகத்தில் வரும் நிம்மதியை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

மார்பு மட்டத்துக்கு மேலே அடிபட்டவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி வலி, முகம் சிவந்து வியர்வை, பி.பி. எகிறுவது வந்தால் உடனே உட்கார வையுங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். சிறுநீர் டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் காரணம் அதுதான். சரி செய்தும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரி.

ஸ்டெம் செல் ஊசி போட்டா நடந்துடலாம்னு விளம்பரம் வருதே?

நிலத்தை விற்காதீர்கள். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) வழிகாட்டுதல்படி தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் இன்னும் ஆராய்ச்சி நிலைதான். அனுமதி பெற்ற ஆய்வில் சேர்த்துக்கொண்டால் அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றாலே விஷயம் புரிந்துவிடும்.

வேலை, படிப்பு எல்லாம் அவ்வளவுதானா?

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸுக்கு 1954இல் கார் விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்தன. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறக்கக் காரணமானார். ஆய்க்குடி ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981இல் தென்காசி அருகே தன் ஊரிலேயே மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். ஆய்க்குடியிலும் வேலூரிலும் இப்போதும் தண்டுவடக் காயக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டோடு அங்கே போக ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள்.

சக்கர நாற்காலி எதை வாங்கலாம்?

கடைக்குப் போவதற்கு முன் வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்பிப் பாத்ரூம் கதவை அளந்து வரச் சொல்லுங்கள். நம் வீடுகளில் அது பெரும்பாலும் இரண்டரை அடிக்கும் குறைவு. நல்ல நாற்காலி வாங்கிக்கொண்டு போய், பாத்ரூம் வாசலில் நின்றுபோனவர்கள் நிறைய. நோயாளியின் இடுப்பு அகலத்தையும் அளந்து, இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம் விட்டு வாங்குங்கள். மடிக்கக்கூடியதாக இருக்கட்டும், அடியில் நல்ல மெத்தை கட்டாயம். வாசல்படி ஓர் அடி உயரம் என்றால் சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும். கொத்தனார் நான்கு அடி போதும் என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள்.